அசையாத இடம்

பவுனம்மாளின் வீடு மலையேறத் தொடங்கிவிட்டது என்பதைச் சீகைமட்டம் ஊர் முதலில் பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தது. அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அவள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சுவர்தான், உலையை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தலைவாரிக்கொண்டு திரும்பினால் அரிசி போடுகிற பக்குவத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்தவள் ஒரு மழைக்காலம் முடிந்த காலையில் கதவைத் திறந்தபோது பக்கத்துச் சுவர் சவரிமுத்துவின் தையற்கடையாக இருந்தது. சவரிமுத்து மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "வாங்கக்கா, என்ன நம்ம பக்கம்?" என்று கேட்டான்.

"நான் எங்கயும் வரல. நீதான் வந்திருக்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்கு நடந்தாள். அன்று பிள்ளைகளுக்குச் சோறு குழைந்துவிட்டது. தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, வீட்டைத் தள்ளி வைத்துக்கொண்டால் வேலை எப்படி நடக்கும் என்று கண்டித்தார்.

வீடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குப் போகிறவருக்குக் காலை மடக்கி இடம்விடுகிறவர்களைப் போல வரிசை வீடுகள் சற்றே ஒதுங்கி அவள் வீட்டை நடுவே விட்டன, அது கடந்ததும் பழையபடி சேர்ந்துகொண்டன. ஒரு சுவரில் கீறல் இல்லை, ஒரு டம்ளரில் தண்ணீர் தளும்பவில்லை, தகரக் கூரையில் காயப்போட்டிருந்த மிளகாய் ஒன்றுகூட உருண்டு விழவில்லை. தபால்காரர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், பிறகு அவள் பெயருக்குத் தபால் வந்தால் எந்த வரிசை என்று விசாரித்துக்கொண்டு வரப் பழகிவிட்டார். லைன்மேன் மாதத்துக்கு ஒரு தடவை வந்து கரண்ட் கம்பியை நீட்டிக் கட்டிவிட்டு, "அடுத்த தடவை கிளம்பறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, நான் கம்பத்துல இருக்கறப்ப போயிடாதீங்க" என்றார். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் அவள் வீடு நின்ற நாட்களில் மண்ணெண்ணெய்க்கு வந்தவர்கள் அதன் நிழலில் கேன்களை வைத்துவிட்டுக் கதை பேசினார்கள், மூன்றாம் வரிசையில் ஒரு கல்யாண வீட்டை ஒட்டி வந்தபோது பாதிப் பந்தியை அவள் கூடத்திலேயே போட்டு, இப்படித் தேடிவந்து உதவுகிற வீட்டை எங்கே பார்ப்பது என்று சிரித்தார்கள். அவள் தெருவில் போனால் யாராவது ஒருவர், "வீட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார்கள். இன்னொருவர், "மேல குளிரும், கம்பளி எடுத்து வச்சுக்க" என்பார். ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. செத்துப்போன அவள் புருஷன் பிடிவாதக்காரன், அஸ்திவாரத்தைப் பாறை தட்டும்வரை தோண்டிக்கொண்டே போனான், பாறை தட்டியபிறகும் நிறுத்தவில்லை என்று யாரோ சொன்னார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெளியே நின்று பார்த்தால் வீடு ஏறுகிறது என்பதைப் பவுனம்மாளும் மறுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால் அவள் வீடு மேலே போய்க்கொண்டிருப்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஊர் இறங்குவது தெரிந்தது. அம்மன் கோயில், பள்ளிக்கூடம், நான்கு வரிசை வீடுகள், கொய்யாமரம், கொடியில் தொங்கும் துணி, துணிக்குக் கீழே படுத்திருக்கும் நாய், எல்லாம் இருந்தது இருந்தபடி, யாருடைய தூக்கத்தையும் கலைக்காமல் அணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அணைத் தண்ணீரை ஒட்டிய கீழ் வரிசையில் அவள் மகள் ரோகிணி, புருஷனோடும் குழந்தையோடும் குடியிருந்தாள். அவர்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து படிகள் இறங்கும், படிகளுக்குக் கீழே தண்ணீர்.

"அந்த வீட்டை விட்டுட்டு என்கூட வந்திருங்க" என்று பவுனம்மாள் மகளிடம் சொல்லாத வாரம் இல்லை.

"எங்க வர்றது? இன்னிக்கு மூணாம் வரிசை, நாளைக்கு எந்தக் காடோ. நீ முதல்ல உன் வீட்டை ஒரு இடத்துல நிக்கச் சொல்லும்மா. எங்க நாத்தனாரு கேக்கறா, உங்கம்மா வீட்டுக்குச் சீர் வாங்கப் போகணும்னா எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு."

"நிக்கறது என் வீடுதாண்டி. போறது நீங்க."

"சரி, போறோம். நீ சாப்பிட்டியா?"

ரோகிணி அப்படித்தான் பேச்சை மாற்றுவாள். வீடு பள்ளிக்கூடச் சுவரை விட்டு நகர்ந்த நாளிலிருந்து அவள் அம்மா வீட்டு வாசற்படி மிதித்ததில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சீகைமட்டத்தில் ஒருவருக்கும் அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. அங்கே இருப்பவர்கள் கப்பலில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள்; கடலுக்கு அந்தப் பக்கம் தேயிலை பறித்துக்கொண்டிருந்த தாய்தகப்பன்மாரை உங்கள் நாடு அங்கே இருக்கிறது என்று ஏற்றிவிட்டார்கள், இந்தப் பக்கம் இறக்கியவர்கள் கொஞ்ச நாள் முகாமில் வைத்திருந்து உங்கள் மலை அங்கே இருக்கிறது என்று மறுபடி ஏற்றிவிட்டார்கள், கடைசியில் இந்தச் சரிவில் மூட்டையை இறக்கி வைத்தபோது, வரும்போது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மண்ணைக் கொட்டி அதன்மேல் ஒரு கல்லை நட்டு அம்மன் என்று கும்பிட்டு, இனிமேல் நகர்வதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவைத்தான் பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருந்தார்கள். ஆகவே டவுனுக்குப் போகும் பஸ் மாதத்துக்கு மாதம் கூடுதலாகத் தாமதமானபோது டிரைவரைத் திட்டினார்கள். டிரைவர் ரோகிணியின் புருஷன் தனராஜ். அவன் பஸ் மீட்டர் கிலோமீட்டரைக் கூடுதலாகக் காட்டுவதைப் பார்த்து மீட்டர் பழுது என்று எழுதிக்கொடுத்தான், புது மீட்டரும் அப்படியே காட்டியபோது எழுதிக்கொடுப்பதை விட்டுவிட்டான். மேல் வரிசைக்கும் தேயிலைக் காட்டுக்கும் இடையே முன்பு இல்லாத வெற்று மண் தோன்றி அகன்றுகொண்டே போனது. பேரூராட்சி அதற்கு விளையாட்டு மைதானம் என்று பெயர் வைத்து, தலைவர் கந்தவேலு பந்து போட்டுத் தொடங்கி வைத்தார்.

மைதானத்தின் நடுவே பவுனம்மாளின் வீடு தனியாக வந்து நின்ற பருவத்தில்தான் இளவழகன் வந்தான். மலையின் வேறொரு பக்கத்தில் முந்தைய வருடம் மண் சரிந்து ஒரு கிராமமே போயிருந்தது, அதனால் எல்லாச் சரிவுகளையும் வானத்திலிருந்து பார்க்கச் சொல்லி அரசாங்கத்தில் அவனை அனுப்பியிருந்தார்கள். கோயில் முன்னால் கூடியவர்களிடம் அவன் பொறுமையாக விளக்கினான். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு செயற்கைக்கோள் இந்த மலைக்கு மேலே போகிறது, போகும்போது கண்ணுக்குத் தெரியாத அலையைக் கீழே அனுப்பித் திரும்பி வருவதை வாங்கிக்கொள்கிறது, மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை, போன தடவை திரும்பியதையும் இந்தத் தடவை திரும்பியதையும் ஒப்பிட்டால் நிலம் ஒரு விரல்நகக் கனம் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். நின்ற இடம் படத்தில் பச்சை, இறங்கிய இடம் சிவப்பு, ஏறிய இடம் நீலம்.

"அப்ப பவுனக்கா வீடு நீலம்" என்றான் சவரிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். இளவழகனும் சிரித்தான்.

"ஒண்ணு மட்டும் நீங்க எனக்குச் சொல்லணும்" என்றான். "இது ஒப்பிட்டுத்தான் பார்க்கும். ஏதாவது ஒரு இடம் அசையலன்னு முதல்ல வச்சுக்கிட்டாத்தான் மத்த இடம் எவ்வளவு அசைஞ்சிருக்குன்னு கணக்கு வரும். தேயிலைச் செடியை நம்ப முடியாது, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி நிக்கும். கல்லு, கூரை, தகரம்னு ஏதாவது கெட்டியா இருக்கணும். இந்த ஊர்ல எது அசையவே அசையாது?"

கூட்டம் யோசிக்கவில்லை. ஒரே குரலில், "அம்மன் கோயில்" என்றது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் கோயில் கூரையில் மூன்று தகரத் தகடுகளை மூலை மாதிரி சேர்த்து வானத்தைப் பார்த்து வைத்தான், அலை அதில் பட்டு நேராகத் திரும்புமாம். பூசாரி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பொட்டு வைத்தார்.

படம் வந்தபோது ஊர் முழுக்கப் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைக்கு மேலே ஒரே ஒரு நீலப் புள்ளி. கந்தவேலு அதைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, மூலையில் தான் கைகூப்பி நிற்கும் படத்தையும் சேர்த்து, பஸ் நிற்கும் இடத்தில் கட்டினார். ஜனங்கள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பச்சையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பவுனம்மாளும் பார்த்தாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்த இளவழகனிடம் போனாள். "சார், நீங்க அம்மனை நிக்குதுன்னு வச்சுக்கிட்டுப் பாத்தீங்க. ஒரு தடவை என் வீட்டை நிக்குதுன்னு வச்சுக்கிட்டுப் பாருங்களேன்."

"அப்படி வீட்டையெல்லாம் வைக்க மாட்டோம்மா."

"சும்மா பாருங்க. யாருக்கும் காட்ட வேணாம்."

அவன் லேப்டாப்பைத் திறந்து, ஏதோ விளையாட்டுக்கு என்பதுபோல அந்த ஒரு புள்ளியை மாற்றினான். படம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நீலம் பச்சையாயிற்று, பச்சையெல்லாம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகச் சிவந்துகொண்டே போய், கோயில் சிவந்து, கீழ் வரிசை கறுத்த சிவப்பில் வந்து நின்றது. அவன் டீயைக் கீழே வைத்தான்.

"இதுல என் பொண்ணு வீடு எது சார்?"

அவன் காட்டவில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

அன்று மத்தியானமே அவன் படத்தை எடுத்துக்கொண்டு கந்தவேலுவிடம் போனான். கந்தவேலு கெட்டவர் இல்லை, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டுல எது சரி?"

"அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க. எது நிக்குதுன்னு நாம எடுத்துக்கறோங்கறதுதான் வித்தியாசம்."

"அதைத்தான் அன்னிக்கே எங்ககிட்டக் கேட்டீங்க. நாங்களும் சொன்னோம்."

"கேட்டது தப்போன்னு இருக்குங்க."

"தம்பி, இந்தப் படத்தை நான் அங்க கட்டினேன்னு வைங்க. ஒரு கெழவியோ ஒரு பொண்டாட்டிபுருஷனோ சும்மா இருப்பாங்களா? எங்கப்பா ரெண்டு தடவை மூட்டை கட்டினவரு. இப்ப நான் போயி, அம்மனே தண்ணிக்குப் போயிட்டிருக்கா, நீங்களும் கட்டுங்கன்னு சொல்லணுமா? எங்க போறதுன்னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்வீங்களா?"

இளவழகன் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். ஊரைவிட்டுப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் பவுனம்மாள் அவனைப் பிடித்தாள். "ரெண்டு படத்தையும் மேல அனுப்பினேம்மா" என்றான். "ஒண்ணு போதும், ஊர்க்காரங்க ஒத்துக்கிட்டதை அனுப்புன்னு சொல்லிட்டாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறி, தனராஜுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தான். பஸ் நீண்ட பாதையில் போயிற்று.

பிறகு உத்தரவு வந்தது. ஊரில் நகரும் கட்டடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது குடியிருக்கத் தக்கதல்ல, மற்றவர்களுக்கும் அபாயம், பிரித்து அகற்றவும்.

பிரிக்க வந்தவர்கள் கல்யாண வேலைக்கு வருகிறவர்களைப் போல வந்தார்கள். ஒருவர் ஏணி கொண்டுவந்தார், ஒருவர் ஆணி போட டப்பா கொண்டுவந்தார், கோயிலிலிருந்து கேனில் டீ வந்தது. தகரமும் உத்திரமும் வீணாகாமல் ரோகிணி வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துத் தருவதாகப் பேசியிருந்தார்கள். பவுனம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "என் பொண்ணு ஒரு தடவை உள்ள வந்து நிக்கட்டும். அப்புறம் பிரிச்சுக்கங்க" என்றாள். அது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. ஆள் அனுப்பினார்கள்.

ரோகிணி மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தாள். "என்னம்மா இது, எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கறாங்க. கிளம்பு."

"உள்ள வா."

"வந்து?"

"வந்து நில்லு. அவ்வளவுதான்."

ரோகிணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் பிரேக் போட்டதுபோல அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது, பவுனம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தி ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். கூடம் அசையாமல் நின்றது. அப்படி ஓர் அசையாத இடத்தில் ரோகிணி பல வருடங்களாக நின்றதில்லை என்பது அவள் பாதங்களுக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மைதானம் போய்க்கொண்டிருந்தது, அதற்குக் கீழே மேல் வரிசை போய்க்கொண்டிருந்தது, கோயில் தன் தகரத் தகடுகளை வானத்தைப் பார்த்துப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தது, எல்லாவற்றுக்கும் கீழே அவளுடைய வீடு, பின்வாசற்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளுடைய குழந்தையோடு, அவளை ஏற்றிக்கொள்ளாமல் கிளம்பிவிட்ட வண்டியைப் போல மெதுவாக, கொஞ்சமும் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"நீ பிள்ளைத்தாச்சியா இருந்தப்பலேர்ந்து."

"நான் போயிப் புள்ளைய தூக்கிட்டு வந்துடறேன். அவரையும் கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஒரு தகரத்துல கை வைக்க விடாத." சொல்லிக்கொண்டே அவள் வெளியே பாய்ந்தாள். செருப்பைக்கூட மாட்டவில்லை.

மைதானத்தை அவள் ஓடித்தான் கடந்தாள். மேல் வரிசையில் யாரோ, "என்ன ரோகிணி, ஓட்டம்?" என்றபோது பதில் சொல்லாமல் ஓடினாள், ரேஷன் கடையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், தையற்கடையைத் தாண்டும்போது ஓட்டம் கொஞ்சம் குறைந்தது, கோயிலுக்கு எதிரே வந்தபோது பழக்கத்தில் நின்று கும்பிட்டாள், கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வீடு ஏறிக்கொண்டிருந்தது. என்றைக்கும் போலச் சந்தேகமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது, அதன் கூரைமேல் ஆட்கள் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலுக்குக் கீழே தரை கெட்டியாக இருந்தது. உள்ளே யாரோ தேங்காய் உடைத்தார்கள். அங்கிருந்து அவள் நடந்தாள்.

வீட்டில் தனராஜ் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். குழந்தை பின்வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இந்தத் தட்டு போகிறது, இந்தச் சுவர் போகிறது, அம்மன் போகிறாள், நீ தினமும் ஓட்டுகிற பாதை நீண்டுகொண்டே போகிறது என்று அவனிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"என்ன, இப்படி மூச்சு வாங்குது?" என்றான் தனராஜ்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ரோகிணி. "இறக்கம்ல."

மேலே அவர்கள் காத்திருந்தார்கள். டீ தீர்ந்தது. இன்னொரு கேன் வந்து அதுவும் தீர்ந்தது. சவரிமுத்து ஏணியிலிருந்தபடியே, "வருவாளாக்கா?" என்று கேட்டான். "வருவா" என்றாள் பவுனம்மாள். அதற்குமேல் அவசரப்படுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. வெயில் சாய்ந்தபோது, தூரத்தில் கீழே, ரோகிணி பின்வாசலுக்கு வந்தாள். கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், உதறினாள், மார்போடு சேர்த்து மடித்தாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. கடைசித் துணி மடிக்கப்படும்வரை பவுனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டுமானால் எழுந்திருக்காமல் இருக்கலாம், அந்த மனிதர்கள் அவளைத் தூக்கி வெளியே போடமாட்டார்கள். அந்த ஜன்னலில் நின்று ஒருநாள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்.

அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "பிரிச்சுக்கங்கப்பா" என்றாள். பாத்திர மூட்டையை எடுத்துக்கொண்டு, தகரம் உரியும் சத்தத்துக்குத் திரும்பாமல், மகள் வீட்டைப் பார்த்து இறங்கினாள்.

அடுத்த படத்தில் நீலம் இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பச்சை. கந்தவேலு பழைய ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினார், கோயிலில் பொங்கல் வைத்தார்கள், பவுனம்மாள்தான் கிளறினாள். அந்த வருடம் பருவமழை சரியாகப் பெய்யவில்லை, டவுனில் குடத்தோடு அலைகிறார்கள் என்று தனராஜ் வந்து சொன்னான், இருந்தும் நம் அணையில் இவ்வளவு தண்ணீர் நிற்கிறதே என்று கீழ் வரிசையில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோகிணி பின்வாசலிலிருந்து, "அம்மா, ஒரு கை பிடி" என்று கூப்பிட்டாள். துவைக்கிற கல் தண்ணீருக்குள் போயிருந்தது. இதற்கு முன்பும் அப்படிப் போனபோதெல்லாம் அவளும் தனராஜும் அதைத் தூக்கி ஒரு படி மேலே வைத்திருந்தார்கள். பவுனம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி ஒரு பக்கம் பிடித்தாள். முகத்துக்கு நேரே முகம் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாசி வழுக்கியது. கல்லைத் தூக்கி மேல் படியில் வைத்தார்கள். அதற்கு மேலே படி இல்லை, சமையலறைதான் இருந்தது.